டிரான்சிட் வேண்டாம் என்று சொல்

சாரம், புதுச்சேரி
12-2-1959

அன்பு மகள் அஞ்சலாட்சிக்கு அம்மா செல்வாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி கன்னியப்பனும் அவன் பெண்டாட்டி அன்னக்கிளியும் அம்மன் புண்ணியத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே சைகோனில் நீ எப்படி இருக்கிறாய் என்று உன் சொந்தக் கையால் நாலு வரி எழுது. மாப்பிள்ளையின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, விசாரித்ததாக நீயும் சொல்லி வைக்க வேண்டாம். இது ஏன் தபாலில் வரவில்லை என்று நீ கேட்க மாட்டாய். தபாலில் வந்தால் முதலில் பிரிப்பது யார் என்று எனக்குத் தெரியும், உன் பேரில் எனக்கு வருகிற கடிதத்தில் பாதி அவர் சொல்லி நீ எழுதுவது என்பதும் தெரியும், பெற்றவளுக்குப் பிள்ளையின் பேச்சு தெரியாதா. நம் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் தனிஸ்லாஸ் இருக்கிறார் அல்லவா, அவர் மகள் அகஸ்டினா புருஷனிடம் சைகோன் வருகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை எதிரே வந்தால் ஊறுகாய் ஜாடியை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அன்னக்கிளிக்கு இது ஐந்தாம் மாதம். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று புளியங்காயாகத் தின்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. சித்திரையில் வளைகாப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம், நாத்தனார் நீதான் முதல் வளையல் போட வேண்டும். கன்னியப்பனுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு போட்டுக் கொல்கிறார்கள், ஆள் துரும்பாகிவிட்டான். பின்பக்கத்துக் கொடுக்காப்புளி மரத்தைப் போன புயலில் கிளை முறிந்ததும் வெட்டிவிட்டோம், இப்போது வெயில் நேரே அடுப்படியில் அடிக்கிறது. உனக்கு அடிக்கடி வருகிற ஒற்றைத் தலைவலி இப்போது எப்படி, சுக்கு அரைத்துப் பற்றுப் போடு, அந்த ஊர் மாத்திரையை அள்ளி அள்ளித் தின்னாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை போன மாதம் எனக்கு ஒரு கடிதம் போட்டார், தேன் ஒழுகுகிறது. உத்தியோகம் மறுபடி பிரான்சுக்கே மாற்றலாகிவிட்டதாம், சித்திரையில் கப்பலாம், கப்பல் பம்பாயில் இரண்டு நாள் நிற்குமாம், அது சும்மா வழியில் நிற்பதுதான் என்பதால் இரண்டு பேருக்கும் டிரான்சிட் விசாவே போதுமாம், அத்தை அலைய வேண்டாமாம். ஆனால் கன்னியப்பன் மட்டும் துறைமுகக் கேட்டுக்கு ஒரு டின் வடகமும் வீராம்பட்டினத்து வஞ்சிரக் கருவாடும் கொண்டுவந்து தர வேண்டுமாம், மார்செய் துறைமுகத்தில் இறங்கினதும் பெரிய துரைக்கு விருந்து வைக்கப் போகிறாராம். படித்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனாலும் ஆகட்டும் மாப்பிள்ளை, உங்கள் இஷ்டப்படியே செய்கிறோம் என்று பதில் போட்டேன். உன் அம்மாவுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பிரான்சிலிருந்து சைகோன் போனபோது இதே பம்பாய், இதே டிரான்சிட். அப்பாவுக்குக் கைகால் விழுந்து பேச்சும் குழறிப்போய்க் கிடந்தார், பாரீசுக்குத் தந்தி கொடுத்தோம், கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே உங்கள் கைக்கு அது வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் போன பிறகு சட்டம் மாறிவிட்டது, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சொந்த ஊர் வரவும் விசா வேண்டும், டிரான்சிட்தான் கொடுத்தார்கள், நான் என்ன செய்யட்டும் என்று மாப்பிள்ளை எழுதினார், நாங்களும் நம்பினோம். கன்னியப்பன் ரயிலேறிப் பம்பாய் போனான். உன் பாஸ்போர்ட் கப்பல்காரனிடம் இருக்கிறது, ஊருக்குள் விட முடியாது என்று கேட்டில் தடுத்துவிட்டார்கள். அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், விரலை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதோம் என்று வந்து சொன்னான். அப்பா வாசலில் ரிக்‌ஷா சத்தம் கேட்கிறபோதெல்லாம் கண்ணைத் திருப்பிப் பார்த்தார். உன் கப்பல் போன பிறகும் நாலு நாள் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். ஊரெல்லாம் வந்து வாய்க்கரிசி போட்டது, பெற்ற மகள் கைதான் இல்லை.

மாப்பிள்ளையின் அந்தக் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால் பெரிய மார்க்கெட்டில் தனிஸ்லாஸைப் பார்த்தேன். பாரீசிலிருந்து கிறிஸ்துமசுக்குத்தான் வந்து சேர்ந்தார், அப்பா செத்ததற்கு இப்போதுதான் நேரில் துக்கம் கேட்டார். அன்றைக்குப் பாரீஸ் விசா ஆபீசில் உங்களுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் அவர்தானாம், பென்ஷன் காரியம் முடியாமல் அப்போது அவர் பயணம் தள்ளிப்போய்விட்டதாம். நான் சட்டத்தைத் திட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏன்க்கா சட்டத்த திட்டற, அந்த ஆபீசரே விசிட்டர் விசா எடுத்துக்குங்க, ஊருக்குப் போய்ட்டு அடுத்த கப்பல்ல போலாம்னு சொன்னாரே, ஒம் மாப்ளதான் வேணாம்னுட்டாரு" என்றார். ஊரில் அவசரமாகப் பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் அந்த ஆபீசர் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார் அஞ்சலாட்சி. புது உத்தியோகத்தில் பெண்டாட்டி இல்லாமல் போய் இறங்கினால் கௌரவம் குறைந்துவிடுமாம், வேறு என்ன. வாங்கின கத்திரிக்காயை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டு இருக்கிறேன். இராமதாஸ் என்று பேர் சொல்லிக்கூட ஒரு நாள் கூப்பிட்டதில்லை, மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று தலையில் வைத்துத் தாங்கினேன். இப்போது அவன் என்று எழுத வருகிறது, எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை. கன்னியப்பன் பம்பாய்க்கே போய் நாலு அறை கொடுக்கிறேன் என்று குதித்தான், அறை வாங்கினால் இரண்டு நாளில் மறந்துவிடும், சும்மா இரு என்று அடக்கினேன். அந்த மாப்பிள்ளைக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டி இல்லாமல் மார்செய்யில் போய் இறங்க வேண்டும். பெரிய துரை, மதாம் எங்கே என்று கேட்க வேண்டும், மென்று விழுங்க வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒன்று நடந்தால் எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள், தனிஸ்லாஸிடம் துருவித் துருவிக் கேட்டுத்தான் எழுதுகிறேன். டிரான்சிட் என்றால் வந்த கப்பலிலேயே திரும்ப ஏறிவிட வேண்டும், ஊர் தாண்ட முடியாது. விசிட்டர் என்றால் மூன்று மாதம் இருக்கலாம், ரயிலேறி வீடு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கப்பல் நிற்பது இரண்டு நாள்தானே, அதற்கு எதற்கு விசிட்டர் என்று மாப்பிள்ளை கேட்பார், விசாப் பாரத்தைக் கொண்டுவந்து கையெழுத்தை மட்டும் போடு என்பார். போடாதே. நானும் ஆபீசுக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பு. வீட்டில் வைத்து வாயே திறக்காதே, கவுண்டரில் நாலு பேர் எதிரில், தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு, எனக்கு விசிட்டர் வேண்டும் என்று சத்தமாகப் பிரெஞ்சிலேயே கேள். வெளி ஆட்கள் முன்னால் அவர் பெண்டாட்டியை அதட்ட மாட்டார், கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டு சிரிப்பார், அந்த நேரத்தில் காரியத்தை முடித்துக்கொள். மூட்டையெல்லாம் கப்பல் அடித்தட்டுக்குப் போய்விட்டால் எடுக்க முடியாதாம், அதனால் உன் நகையையும் நாலு புடவையையும் தனிப் பெட்டியில் வைத்துப் பம்பாய் என்று சீட்டு ஒட்டி அறையிலேயே வைத்துக்கொள். கன்னியப்பன் கேட்டில் நிற்பான். இறங்கின பிறகு அவர் பின்னாலேயே வந்து கெஞ்சினால், மூன்று மாதம் கழித்துச் சாரத்துக்கு வந்து அம்மாவைப் பார்த்துப் பேசி அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு வா. வரட்டும், அப்பா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன். பதில் இருந்தால் உன்னை அனுப்புகிறேன், இல்லாவிட்டால் நீ இங்கேயே இரு, உனக்குச் சோறு போட எங்களுக்குத் தெம்பு இருக்கிறது.

வடகம் டின்னும் கட்டாயம் வரும், சொன்ன வாக்கை மீற மாட்டேன். ஈயம் பற்றவைத்து நன்றாக மூடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே அடைத்திருப்பது அப்பாவை எரித்த இடத்து மண். தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினால் காற்று எங்கேயாவது கொண்டுபோய்விடும், டின்னில் போட்டால் சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும். பெரிய துரை முன்னாலேயே திறக்கட்டும். அன்னக்கிளிக்கு இது பிடிக்கவில்லை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இதெல்லாம் வேண்டாம் அத்தை என்கிறாள். அவள் இருக்கிற பக்கம் டின்னைக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதினது அவனுக்கு வைத்த கணக்கு. இனிமேல் எழுதுவது உனக்கு. தனிஸ்லாஸ் சொன்னதில் மீதி ஒன்று இருக்கிறது, அதை இன்னும் கன்னியப்பனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கவுண்டரில் நீயும் நின்றாயாம். யாரும் இல்லை என்று அவன் சொன்னபோது பக்கத்திலேயே நின்றாயாம். அந்த ஆபீசர் நல்ல மனுஷன் போல, உன்னையும் தனியாகக் கேட்டிருக்கிறார், உங்களுக்கு எது வேண்டும் அம்மா என்று. நீ அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு சொல்றதே இருக்கட்டும்" என்றாயாம். இதைக் கேட்டதிலிருந்து பயந்து சொன்னாயா, சம்மதித்துச் சொன்னாயா என்று மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. அப்படியும் தம்பியிடம் கம்பி வழியாக, எனக்கு விசா தரவில்லையடா என்று அழுதாயே. தம்பி இன்னும் அதை நினைத்து அழுகிறான். எனக்கு உன் மேலும் கோபம் அஞ்சலாட்சி, மறைக்க மாட்டேன். உன் புருஷன் மேல் உள்ளதைவிட இது கொஞ்சம் கூடத்தான், அவன் யாரோ பெற்ற பிள்ளை, நீ அப்பா தோளில் வளர்ந்தவள். நீ வந்து என் முகத்தைப் பார்த்து எது நிஜம் என்று சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாமல் மட்டும் விட மாட்டேன்.

சைகோன் கவுண்டரிலும் உன்னைக் கேட்பார்கள். அவன் முகத்தைப் பார்க்காதே, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து விசிட்டர் என்று சொல். இந்தத் தடவையும் அவன் சொன்னதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாயானால், நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிறபோது உனக்குத் தகவல் கொடுக்க வேண்டாம் என்று கன்னியப்பனிடம் சத்தியம் வாங்கி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டான், சொல்லவில்லை.

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. உன் கட்டிலை முற்றத்தில் போட்டு மூட்டைப்பூச்சி போகக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் காய வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
செல்வாம்பாள்