சுவருக்குள் ஒரு பால் பெட்டி

ஐப்பசி 12, வியாழன்

காய்ச்சல் விட்டு இன்றுதான் ஆபீஸ் போனேன். அமெரிக்காவில் பழுது பார்க்கப்போகும் நூறு வயது மர வீடு ஒன்றை, போட்டோக்களை வைத்து நாங்கள் தாம்பரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறோம். அதன் சமையலறைச் சுவரில், வெளியே ஒரு கதவும் உள்ளே ஒரு கதவுமாகச் சின்னதாய் ஒரு பெட்டி இருக்கிறது. நான் அதை மீட்டர் பெட்டி என்று குறித்திருந்தேன். நம் ஊர்ச் சுவரில் வேறு எந்தப் பெட்டி இருக்கிறது?

"அக்கா, அது பால் பெட்டியாம்," என்றாள் டீம் லீடர் ஃபரிதா. "வீட்டுக்காரம்மா மெயில் போட்டிருக்காங்க. பால்காரர் வெளிக்கதவைத் திறந்து பாட்டில வெச்சிட்டுப் போவாராம், உள்ள இருக்கிறவங்க எடுத்துப்பாங்களாம். அவங்க அம்மா அங்க தனியா இருந்தப்ப, ஒருநாள் முந்தின நாள் பாட்டில் எடுக்காமலே இருந்துச்சாம். அந்தப் பால்காரர்தான் கதவை உடைச்சு அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அந்தப் பெட்டிய மட்டும் அடைச்சிடாதீங்கன்னு எழுதியிருக்காங்க."

இஞ்ச் பிசகாமல் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

நான் இங்கே வீட்டில் தனியாக மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கிரில் கேட்டில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உப்பிப்போயிருந்தன. காலையில் பால் போடுபவரிடம் பையைக் காட்டினேன்.

"நீங்க ஊருக்குப் பூட்டீங்கன்னு நெனச்சிகினேன்கா," என்றார்.

எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. பையைக் கழுவி மறுபடியும் கேட்டிலேயே மாட்டியிருக்கிறேன்.