கைராசி

ஜூலை 8, திங்கள்

ஒன்பதாவது தலைமுறையும் இருட்டு. காலையில் தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எல்லாத் தட்டுகளையும் பார்த்தாயிற்று, ஒரு புழுகூட மினுங்கவில்லை. இருட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிழைப்பு வேறு யாருக்காவது உண்டா தெரியவில்லை.

நேற்று நாத்தனார் சாப்பிட வந்திருந்தார். "புழு வளக்கறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்றார். கிண்டல்தான், ஆனால் அதில் பாதி நிஜமான கேள்வி. நானும் விடவில்லை. சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் விளக்கினேன். எங்கள் புழு ஒரு காற்புள்ளி அளவுதான் இருக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி. அதன் கருமுட்டைகள் பச்சையாக ஒளிரும்படி ஒரு ஜீனை வைத்திருக்கிறோம். அது தின்பது பாக்டீரியா. அந்த பாக்டீரியாவுக்குள் பச்சை ஜீனுக்கு ஒத்த ஆர்.என்.ஏ.வை வைத்து ஊட்டினால், புழு அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.க்களை வைத்தே தன் சொந்த ஜீனின் வாயை அடைத்துவிடுகிறது. ஜீன் இருந்த இடத்தில்தான் இருக்கும், அதன் வேலை மட்டும் நின்றுபோகும். ஒளி அணைந்துவிடும். வேடிக்கை இனிமேல்தான். அந்தத் தீனியை வாயில் வைத்தே பார்க்காத பிள்ளைக்கும் ஒளி இருக்காது, பேத்திக்கும் இருக்காது. வழக்கமாக மூன்று நான்கு தலைமுறையில் ஒளி திரும்பிவிடும். என்னுடையதில் ஒன்பதாகியும் திரும்பவில்லை.

"இதத்தான் தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு எப்பவோ சொல்லியாச்சே," என்று நாத்தனார் ஒரே வரியில் என் ஏழு வருஷ வேலையை முடித்துவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஜூலை 9

கீழ் வீட்டு பஸ் டிரைவர் நாய் வாங்கியிருக்கிறார். பழுப்பு நிறம். போயும் போயும் எங்கள் மாடிப்படிக்கு நேர் கீழே கட்டியிருக்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

பள்ளிக்கூடம் கிளம்பும்போது வீட்டின் பின்பக்க இரும்புப் படி வழியாகத்தான் வருவேன் என்று என் வாண்டு ஒரே பிடிவாதம். எட்டு வயதுக்கு இவ்வளவு ஆகாது என்று கண்டிக்கிற அம்மாவாக நான் இருந்திருக்கலாம். மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கும் அந்த வழிதானே வேண்டியிருந்தது.

என் அம்மாவை நாய் கடித்தது நான் பிறப்பதற்கு முன்னால். ஊசி போட்ட கதையை இன்றைக்கும் போனில் புதிதாக நடந்த மாதிரி சொல்லுவாள். என்னை எந்த நாயும் கடித்ததில்லை. வாண்டை ஒரு நாய் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் தெருக்கோடியில் ஒரு வால் தெரிந்தால் போதும், எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு ஒரே மாதிரி நிற்கும். என் வீட்டுக்காரருக்கு இது எப்போதும் சிரிப்பு. ஒரு நாய் ஒரு தடவை கடித்து ஒரு வம்சத்தையே படுக்கவைத்துவிட்டது என்பார்.

யோசித்தால் என் புழுக் கதையேதான். தின்றது அம்மா, அணைந்தது எங்களுக்கு.

ஜூலை 17, புதன்

பன்னிரண்டு! லேப் கூட்டத்தில் பன்னிரண்டாம் தலைமுறைப் படத்தைப் போட்டேன், அதுவும் இருட்டு. எங்கள் லேபை நடத்துகிற மேடம் வழக்கம்போலக் காபியை ஆறவிட்டு, ஆறிய பிறகு சூடாக இருக்கிற பாவனையில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் பெரிய மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறாராம். அதற்கு முன்னால் கட்டுரை போய்விட வேண்டும். முதல் பெயர் என்னுடையது.

கூட்டம் கலைந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார். அடுத்த வருஷம் எனக்கென்று தனியாக ஒரு சின்ன லேப். ஒரு அறை, இரண்டு மேசை. இந்த முடிவைக் காட்டித்தான் மேலிடத்தில் கேட்டிருக்கிறாராம், அவர்களும் தலையாட்டியிருக்கிறார்களாம். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலையை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறவள் நான். வீடு வந்து சேர்கிறவரை கால் தரையில் பாவவில்லை.

நெருடல் ஒன்றே ஒன்றுதான். இது என் கையில் மட்டும் நடக்கிறது. பக்கத்து மேசைக்காரர் செய்தால் நான்காம் தலைமுறையிலேயே ஒளி வந்துவிடுகிறது. எதற்கும் எதிர்க்கேள்வி போடுகிறவர் என்பதால் லேபில் அவருக்கு வக்கீல் என்று பெயர். அந்த வக்கீலே இன்று, "அதெல்லாம் கைராசிங்க. சிலர் கை வெச்சா துலங்கும்," என்று வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா? புழுவைப் புதுத் தட்டுக்கு மாற்றும்போது மற்றவர்கள் கையில் பத்துக்கு ஒன்றாவது அடிபடும். என் கையில் ஒன்றுகூடச் செத்ததில்லை.

ஜூலை 20, சனி

ஜெல்லி காய்ச்சித் தட்டு ஊற்றுகிறவர் விடுப்பு. புதுத் தட்டு தீர்ந்துபோயிற்று. அந்த ஆர்.என்.ஏ.வே ஊட்டாமல் ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கிற பச்சைப் புழுக்களைப் பட்டினி போட மனம் வரவில்லை. வேலை முடிந்த இருட்டுத் தட்டு ஒன்றில் தீனி மிச்சமிருந்தது. அதிலிருந்த புழுக்களை எடுத்துப் போட்டுவிட்டு இவற்றைக் குடிவைத்தேன். திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்.

ஜூலை 25, வியாழன்

அந்தப் பச்சைப் புழுக்களின் பிள்ளைகள் எல்லாம் இருட்டு.

பழைய குடும்பத்தின் முட்டைகள் தட்டில் தங்கியிருக்கும். அவைதான் பொரித்திருக்கும். வேறென்ன.

ஜூலை 26

வேறென்ன என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? பச்சையாக ஒளிர்வதோடு உருண்டு உருண்டு நகர்கிற இனம் ஒன்று உண்டு. பிறவிக் கோளாறு, பாவம். அவற்றை யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இன்னொரு பழைய இருட்டுத் தட்டில் அவற்றை விட்டிருக்கிறேன். பிள்ளைகள் உருண்டுகொண்டே ஒளிர்ந்தால் நான் பிழைத்தேன்.

ஜூலை 31, புதன்

உருளுகின்றன. ஒளி இல்லை.

ஆக, விஷயம் தட்டிலிருக்கிற தீனியில்தான். என் புழுக்கள் இத்தனை தலைமுறையாக எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதே ஆர்.என்.ஏ.வைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் சாதாரணத் தீனி போட்டதாக நினைத்த தட்டில் அந்த பாக்டீரியாவும் கலந்து வளர்ந்திருக்கிறது.

எப்படி வந்தது? சாதாரணத் தீனி பாட்டிலே கெட்டிருக்குமோ என்று தோன்றியதும் ஒரு நிம்மதி வந்தது, வெட்கமாக இருக்கிறது அதை எழுத. பாட்டில் கெட்டால் அது என் தப்பு இல்லையே. ஆனால் பச்சைப் புழுக்களுக்கும் அதே பாட்டில்தான். அவை ஜம்மென்று ஒளிர்கின்றன.

ஆகஸ்ட் 1, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று வக்கீல் கேட்டார், கண் வலி என்றேன். கட்டுரை அடுத்த வாரம் போகிறது.

சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது? உருளுற புழுவ நான் விட்டதே யாருக்கும் தெரியாது. சொல்லிட்டா அந்த ரூம் போச்சு, ரெண்டு மேசையும் போச்சு, டிசம்பர்ல மறுபடி மேல பாத்துட்டு உக்காரணும். சொல்லலேன்னா? எங்கேயோ ஒரு லேப்ல ஒருத்தி என் கட்டுரையப் படிச்சிட்டு இதையே பண்ணிப் பாப்பா. நாலாவது தலைமுறையில வெளிச்சம் வந்துடும். தன் கைதான் சரியில்லன்னு தன்னையே திட்டிட்டு உக்காந்திருப்பா.

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள்தான் இன்று முழுக்க என்னை விடவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காய்கறி வாங்க வாண்டையும் கூட்டிப்போனேன். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே, வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடைத் திருப்பத்தில் ஒரு நாய். நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனாலும் அந்த நொடியே பேச்சு நின்று, என் இடுப்பில் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

நாய் போன பிறகு கேட்டேன், நீதான் பார்க்கவே இல்லையே, எப்படித் தெரிந்தது?

"நீ கைய இறுக்குனியே," என்றாள். "நாய் வந்தா நீ இறுக்குவே. அப்பதான் எனக்கு நாய் வருதுன்னு தெரியும்."

குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் காற்று வரும் என்பது மாதிரி சொன்னாள். அவள் புறங்கையில் என் நகங்கள் பதிந்த நாலு தடம் சிவப்பாக இருந்தது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தடவிக்கொண்டே நடைபாதையில் நின்றேன். அழுகை வந்தது.

இதில் வம்சம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு தடவையும் நான் அல்லவா ஊட்டியிருக்கிறேன், இந்தக் கையால்.

வீட்டுக்கு வந்து காய்களைக் கழுவும்போதுதான் உறைத்தது. பாட்டில் இல்லை. தட்டு ஊற்றுகிறவர் இல்லை. அங்கேயும் கைதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வக்கீலைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் புழு மாற்றுவதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். காரணம் சொல்லவில்லை.

மயிரிழை மாதிரி ஒரு பிளாட்டினக் கம்பி. வெறும் நுனியால் தொட்டால் புழுவைக் குத்திவிடும். அதனால் நுனியில் கொஞ்சம் பாக்டீரியாவைத் தொட்டுக்கொள்வோம், அந்தப் பிசுபிசுப்பில் புழு ஒட்டிக்கொண்டு வரும். எல்லோரும் செய்வதுதான்.

"இவ்ளோவா எடுப்பீங்க?" என்றார்.

"அதுக்கு வலிக்கக்கூடாதுன்னு."

அவர் தன் கம்பியை நீட்டிக் காட்டினார். அதில் இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. என்னுடையதில் மெத்தை போட்ட மாதிரி ஒரு திரள். தாயின் தட்டில் இருந்ததை அள்ளி, பிள்ளையின் தட்டில் புழுவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு கிருமி வராமலிருக்கத் தட்டில் கலக்கிற மருந்தும் இந்த இரண்டு தீனியையும் கொல்லாது, கூடவே போனது சுகமாக வளர்ந்திருக்கும். அவர் கையிலும் கொஞ்சம் கூடவே போயிருக்கும், ஆனால் மூன்று தலைமுறையில் தீர்ந்துபோகிற அளவுதான். அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்பது, எதிர்க்கேள்வி எதுவும் வராததில் தெரிந்தது. எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

இதுதான் என் கைராசி.

ஆகஸ்ட் 7, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். உருளும் புழுத் தட்டுகளையும் கொண்டுபோய் வைத்தேன். அவரே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், ரொம்ப நேரம்.

"இத முதல்ல யாரு பாத்தது?"

"முதல்ல நான்தான். தட்டு தீந்துபோச்சுன்னு பழைய தட்டுல விட்டேன், அப்ப தெரிஞ்சுது."

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்க," என்றார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறிய காபியைக் குடிக்காமல் தள்ளிவைத்தார், அதை நான் பார்த்ததே இல்லை. பிறகு, "அந்த ரூம் இப்போதைக்கு இல்ல. புரியுதில்ல?" என்றார். புரிகிறது என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, கழிவறைக்குப் போகிறவரை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தெரியாமல் சொன்ன என் புளுகு பதினேழு தலைமுறை தாக்குப்பிடித்தது. நாளை முதல் புதுக்கணக்கு. தாய்ப்புழுக்களை ப்ளீச்சில் கரைத்துவிடுவோம். ஓட்டுக்குள் இருக்கிற முட்டை மட்டும் பிழைக்கும், ஒட்டிக்கொண்டிருக்கிற பாக்டீரியா எல்லாம் ஒழியும். பொரிக்கிற பிள்ளை சுத்தமாகப் பொரிக்கும். மெதுவான வழி, புழுவுக்கு இரக்கம் காட்டாத வழி. அதனால்தான் நான் செய்யாமலே இருந்தேன்.

ஆகஸ்ட் 14

தெருவில் நாய் வந்தபோது வாண்டின் கையைப் பட்டென்று விட்டுவிட்டேன். "என்னம்மா, நாயா?" என்றாள். விடுவதும் அவளுக்குச் சேதிதான். இதற்கு ப்ளீச் கிடையாது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ப்ளீச்சுக்குப் பிறகு நான்காம் தலைமுறை. காலையில் லேபில் விளக்கை அணைத்துவிட்டுத் தட்டை வைத்தேன். பச்சை. வரிசையாக, கோத்த மணி மாதிரி, ஒவ்வொரு புழுவுக்குள்ளும்.

அழகாகத்தான் இருந்தது. இந்த வேலைக்கு வந்ததே இந்தப் பச்சையைப் பார்த்துத்தான் என்பதை மறந்தே போயிருந்தேன். மூன்று தலைமுறை இருட்டு, நான்காவதில் வெளிச்சம். எல்லோருக்கும் வருவதுதான் எனக்கும் வந்திருக்கிறது. வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டு, ராசி போய்விட்டது போலிருக்கிறதே என்றார். சிரித்தேன், நிஜமாகவே.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மேடம் மாநாட்டிலிருந்து வந்துவிட்டார். வேறு வேலையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் என் உருளும் புழுப் படத்தைப் போட்டு, ஒட்டிக்கொண்டு போன தீனியின் கதையையும் சொன்னாராம். பேச்சு முடிந்ததும் இரண்டு பேர் வெளுத்த முகத்தோடு வந்து, கம்பி நுனியில் எவ்வளவு எடுத்தால் ஆபத்து என்று கேட்டார்களாம். அதை எழுதி ஒரு சின்னக் கட்டுரையாக அனுப்பு என்றார். டிசம்பரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாயங்காலம் முன்பக்கப் படி வழியாக இறங்கினோம். இரும்புப் படிக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வேறு வழியில்லை. கீழே டிரைவர் நாய்க்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு நின்றது. என் பயம் என்னுடையது, அது அப்படியேதான் இருக்கிறது. வாண்டு எனக்கு ரெண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கையைத் தேடினாள் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. நாயைப் பார்த்தாள்.

"தொடலாமா, மாமா?" என்று டிரைவரைக் கேட்டாள். அவர் சீப்பை எடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கும்மா," என்றாள்.

அப்படியா என்றேன், இறங்காமல், இருந்த படியிலேயே நின்றுகொண்டு.

ஒரு பிள்ளை, ஒரு நாய், ஒரு சாயங்காலம், ஒப்பிட வேறு ஆளில்லை. வக்கீலிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்.

மேலே வந்து வாண்டுக்குக் கை கழுவிவிட்டேன். புறங்கையில் ஒன்றும் இல்லை. என் இடது உள்ளங்கையில்தான் சிவப்பாக நாலு நகத்தடம்.