பொய் முகவரி என்றார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு மகள் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் செய்யும் செயலியிலிருந்து மின்னஞ்சல் சரியாகப் போகிறதா என்று நான் சோதிக்க வேண்டும்.

"எல்லாம் நாமளே போட்ட பொய் முகவரிதான், தைரியமா அனுப்பு" என்றார் மேலாளர்.

பட்டியலில் பல முகவரிகள் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர்களில் இருந்தன. பொய் முகவரிக்கு இத்தனை செல்லப்பெயர்கள் எதற்கு என்று எனக்குச் சந்தேகம். அதனால் எந்த அஞ்சலும் வெளியே போகாமல் எங்கள் கணினியிலேயே பிடித்து நிறுத்தும்படி செய்துவிட்டுத்தான் அனுப்பினேன். 'உங்கள் அறுவை சிகிச்சை ரத்து' என்ற சோதனை அஞ்சல்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றிலிருந்த ஒரு பெயரைச் சொல்லி, யாரென்று மருத்துவமனை ஊழியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அவங்களா? நாளைக்குத்தான் ஆபரேஷன்" என்றார்.

மேலாளரிடம் சொன்னேன். "போகலைல்ல? விடு. யார்கிட்டயும் பேசாதே" என்றார். அதிலிருந்து அவரே எனக்குக் காபி வாங்கி வருகிறார். குடிக்காமல் வைத்துவிடுகிறேன்.

நோயாளிகளின் முகவரி எங்களிடம் எப்படி வந்தது என்று மருத்துவமனைக்கு இன்று எழுதிக் கேட்டுவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு போர்வை அனுப்புங்கள். உங்கள் குரலையும் பதிவு செய்து அனுப்புங்கள், எதைப் பற்றிப் பேசினாலும் சரி. மேலாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அலுவலகத்திலிருந்து யார் விசாரித்தாலும், நான் நலம் என்பதைத் தவிர எதுவும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்