அனிதாவிடம் பேச இங்கிலீஷ்

ரெட்டிபாளையம்,
9.2.2004

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அவருக்கு வலது பக்கம் இன்னும் அசைவு வரவில்லை. நான் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்ட் போகும்போது சித்தி வந்து பார்த்துக்கொள்கிறார். நீயும் நம் பாப்பா அனிதாவும் அந்த இங்கிலாந்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று அரியலூர் பூத்திலிருந்து பேசினேன் இல்லையா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாப்பா ஏதோ கேட்டது. "ஐ யூ டெய்லி திங்க்" என்றேன். உன்னைத் தினமும் நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன். "வாட்?" என்றது. மறுபடியும் சொன்னேன். போனை உன்னிடம் கொடுத்துவிட்டது. மூன்று வயதில் என் தோளில் உட்கார்ந்து சிமெண்ட் லாரிக்கெல்லாம் டாட்டா காட்டிய பிள்ளை. பூத்துக்காரர், "லைன் சரியில்லீங்களா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லெல்லாம் தெரிகிறது, அமிர்தா. வரிசைதான் வரவில்லை. படித்தால் புரிகிறது, வாயைத் திறந்தால் தமிழ் மாதிரியே போய் நிற்கிறது. காதால் கேட்டுக் கேட்டுப் பழகினால் வரும் என்கிறார்கள். உன் குரலில் ஒரு கேசட் பேசி அனுப்புவாயா? அவள் என்னை அடியோடு மறப்பதற்குள் நான் பேசிவிட வேண்டும்.

உன்,
மணிவேல்


லீட்ஸ்,
21.3.2004

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, அதனால் உடனே எழுத முடியவில்லை. மாமனாரைப் புரட்டிப் படுக்க வையுங்கள், முதுகில் புண் வந்துவிடும்.

நானும் அவளிடம் தமிழில்தான் பேசிப் பார்க்கிறேன். பதில் இங்கிலீஷில் வருகிறது. அதட்டினால் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். நான் என்ன செய்ய?

கேசட் அனுப்பியிருக்கிறேன். முதலில் சொற்களைக் கலைத்துச் சொல்வேன். கொஞ்சம் இடைவெளி விடுவேன். அதற்குள் நீங்கள் சரியான வரிசையில் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு நானே சரியாகச் சொல்வேன். யார், என்ன செய்தார், எதை, அப்புறம் எப்போது. வினைச்சொல்லைக் கடைசிவரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

நான் கூப்பிட்டபோதே நீங்களும் வந்திருந்தால் இதெல்லாம் வேண்டியதில்லை. சரி, அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது. எனக்கும் தெரியும்.

அமிர்தவல்லி


ரெட்டிபாளையம்,
2.5.2004

அன்புள்ள அமிர்தா,

அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் கேசட் ஓடுகிறது. "ஸ்கூல், கோஸ், அனிதா, டு" என்கிறாய். "அனிதா ஸ்கூல்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அப்பா கோணிய வாயோடு சிரிக்கிறார். பேக்கிங் பிளாண்டில் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வைரக்கண்ணு, "என்னண்ணே, மந்திரமா சொல்றீங்க?" என்கிறான்.

போன வாரம் பாப்பாவிடம் "ஐ மிஸ் யூ எவ்ரி டே" என்றேன். "ஓகே" என்றது. புரிந்ததால்தானே ஓகே என்றது?

ஒன்று கேட்க வேண்டும். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், நீ விடும் இடைவெளியில், தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்கிறது. "டிட் யூ பிரஷ் யுவர் டீத், லவ்?" பல் விளக்கினாயா கண்ணு என்று கேட்கிறது. பாப்பா ஏதோ சொல்லிச் சிரிக்கிறது. டிவி என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். டிவிக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். நீ சொல்லித்தராமல் நானாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

யார் அது, அமிர்தா? நான் தப்பாக நினைத்திருந்தால் திட்டி எழுது. சீக்கிரம் எழுது.

மணிவேல்


லீட்ஸ்,
30.5.2004

மாமாவுக்கு,

திட்டி எழுத முடியவில்லை. அவர் பெயர் டேவிட். என்னோடு வார்டில் வேலை பார்க்கிறார். தீபாவளியிலிருந்து இங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போன் செய்யும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பேன். நீங்கள் பாப்பாவிடம் திக்கித் திக்கிப் பேசுவதைக் கேட்டதும் வாய் வராது.

உங்களை ஏமாற்ற அந்தக் கேசட்டை அனுப்பவில்லை. நீங்கள் அவளிடம் பேச வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். இனி அங்கே திரும்பி வருவேன் என்று நான் சொன்னால் அது பொய். விவாகரத்துப் பேப்பர் அனுப்பட்டுமா?

அமிர்தவல்லி


ரெட்டிபாளையம்,
12.7.2004

அமிர்தவல்லிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். பெல்ட்டிலிருந்து மூட்டைகள் விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். "வூட்டுக்குப் போப்பா" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. பிள்ளையை அனுப்பு, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவேன் என்று உனக்கு எழுதினேன். எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நேற்று பாப்பாதான் போனை எடுத்தது. "ஆர் யூ ஹேப்பி தேர்?" என்று கேட்டேன். வரிசை தப்பவில்லை. இல்லை என்று சொல்லிவிடாதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

"யெஸ், ஐ ஆம்" என்றது.

பேப்பரை அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். பாப்பா போனை எடுக்கும்போது மட்டும் தடுக்காதே.

மணிவேல்