கார்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

மூடியைக் கழற்றியதும் சந்தனம்தான் மணத்தது மச்சான். தூசி அப்புறம்தான் கண்ணில் பட்டது. பத்து மாதமாகப் பெட்டிக்குள் கிடந்து, சூட்டில் காய்ந்து வெடித்துப்போன ஒரு பொட்டு இன்னும் மணக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வசந்தி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். என் முகத்தைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்தப் பெட்டியை நீ தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை நீ வேலை செய்த கடையில் வைத்துத் திருத்தி எடுத்தது. வீட்டிலிருந்தே வேலை செய்வதென்றால் ஃபயர்வால் கட்டாயம் என்று கொழும்புக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லே புதிது. "கேட்ல நிக்கிற வாச்சர் மாதிரிடா. வெளியிலேர்ந்து வர்றவன நிப்பாட்டி, யாரு என்னன்னு கேட்டுட்டுத்தான் உள்ள விடுவான்" என்றாய். பெட்டிக்குள் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று வெளியே பார்த்தபடி, மேலே பாறையில் நட்டிருக்கும் ஆண்டெனாவின் வயரை வாங்கிக்கொள்ளும். மற்றது உள்ளே பார்த்து என் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை, நீ இதே லயத்து வரிசை வீடுகளில் நாலு காம்பிரா தள்ளி இருந்தாய்.

தமிழில் பேசும் வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்வதுதான் என் வேலை. லயத்துக் காம்பிராவில் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாய். ஆனால் அந்த வேலை எனக்குக் கிடைத்ததில் என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். நம் வகுப்பில் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழும்புக் கடைகளில்தான் இருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் அங்கே சாமான் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தவர்கள்தானே. "நீ ஒருத்தனாவது பொண்டாட்டி புள்ளயோட இங்கனயே இருடா" என்று வசந்தியைக் காட்டிச் சொன்னாய். உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, புள்ளையும் இல்லை.

அந்த லைன்தான் மூன்று மாதமாகப் படாதபாடு படுத்தியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடும். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டால் வந்துவிடும். பெட்டியை நிறுத்திப் போட்டால் வருகிறதென்றால் கோளாறு ஆண்டெனாவில் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்பதுதான் உண்மை. கடைசியில் சூப்பர்வைசர் மேடம் மரியாதையாகவே சொன்னார்: இப்படியே போனால் அடுத்த மாதம் முதல் கொழும்பு ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

உன் கடைக்குப் போனேன். உன் நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார், நல்ல மனுஷன். பெட்டி நாள்வாரியாகப் பதிந்துவைத்திருந்த வரிகளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆண்டெனா கோளாறு இல்லண்ணே. வெளிய பாக்குற கார்டு அப்பப்ப வேல செய்யாம தொங்கிப் போகுது. அத ஓட்டுற சாஃப்ட்வேர், டிரைவர்னு சொல்லுவோம், அது ரொம்பப் பழசு" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஐப்பசி மாதத்து வரிகள் வந்தன. நீ பாறைக்கு ஏறிய அன்றைய வரியும் வந்தது. அதே கார்டு, அதே கோளாறு.

"நெட்ட நம்பி நெட்ட திருத்தப் போகாத, முதல்ல பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்க" என்று நீ சொல்வாய். அதனால் புது டிரைவரை அங்கேயே பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். இரண்டு டிரைவர்கள் இருந்தன. எது பொருந்தும் என்பது சிப்பின் மேல் அச்சடித்த நம்பரின் கடைசி எழுத்தைப் பார்த்தால்தான் தெரியுமாம். மாற்றிப் போட்டால் கார்டையே பெட்டிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம்.

அந்த எழுத்தின் மேல்தான் உன் பொட்டு இருந்தது.

போன வருடம் சரஸ்வதி பூஜைக்கு நீதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாய். வசந்தியின் கொழுந்துக் கூடைக்கு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு, என் கீபோர்டுக்கு, தலையில் மாட்டும் ஃபோனுக்கு. பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றினாய். மூடி மேல் வைத்தால் போதாதா, ஈரச் சந்தனத்தைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறாயே என்று கத்தினேன். "வேல செய்யிறவன் உள்ளல்ல இருக்கான், மூடிக்கு எதுக்கு பொட்டு" என்று கேட்டுவிட்டு, வெளியே பார்க்கும் கார்டில் சிப்பின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்து, நெற்றியில் வைப்பதுபோல் பெருவிரலால் அழுத்தினாய். அப்புறம் காயட்டும் என்று வாயால் ஊதினாய். கம்ப்யூட்டர் திருத்துகிற ஆள் செய்கிற காரியமா அது?

பூஜை முடிந்து இரண்டு கிழமை, ஒரு பதினைந்து நாள் இருக்கும். காலையிலிருந்து லைன் விட்டு விட்டு வந்தது. நீ வந்து பார்த்தாய். "எனக்கென்னமோ கார்டு மேலதான்டா சந்தேகம். நிறுத்திட்டு தொறந்து பாப்பமா?" என்றாய். எனக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிறுத்தினால் என் வேலை நேரக் கணக்கில் விழும், காற்றில் ஆண்டெனா திரும்பியிருக்கும் என்றேன். "நீ மேல போய் பாத்துட்டு வாயேன்டா" என்றேன். பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, பன்னிரண்டாம் நம்பர் தேயிலை மலை வழியாகப் பாறைக்கு ஏறிப் போனாய்.

கொஞ்ச நேரத்தில் லைன் வந்தது. தொங்கின கார்டு தானாகவே நிமிர்ந்திருக்கிறது, அதை இப்போதுதான் அறிகிறேன். அன்றைக்கு, நீ சரிசெய்துவிட்டாய் என்று நினைத்து ஒரு அம்மாவுக்கு அவருடைய பில்லை விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல தெளிவான லைன். அந்த நேரத்தில்தான் பாறையோரத்து மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்திருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டது என் காதுக்கு எட்டவில்லை. காதில் ஃபோன் மாட்டியிருந்தேன். உன்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது உன் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே நீ போய்விட்டாய்.

இப்போது உன் பெருவிரல் ரேகை அந்தச் சந்தனத்தில் அப்படியே இருந்தது. வெடிப்புக்கு நடுவிலும் வளைவு வளைவாகத் தெரிந்தது. உன் சட்டைகளை உன் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். உன் ஃபோன் அன்றைக்கே உடைந்தது. உன் கை பட்டது பட்டபடி இருந்த ஒரே இடம் அதுதான்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த வசந்தி, திறந்து கிடந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். கொழும்புக்கே போய்விடுகிறேன், இது இப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் குனிந்து பொட்டைப் பார்த்தாள். பிறகு, "சொரண்டுங்க. அண்ணே இருந்திருந்தா அவரே சொரண்டியிருப்பாரு" என்றாள்.

ஒரு துண்டுத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு தீக்குச்சியால் சுரண்டினேன். ரேகைதான் முதலில் போனது. பிறகு பொட்டு முழுவதும் ஒரே பொருக்காகக் கழன்று, தாளில் விழுந்து பொடியாயிற்று. கடைசி எழுத்து ‘ஜி’. அதற்குரிய டிரைவரைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி, கடைக்காரர் எழுதிக் கொடுத்த நாலு வரியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். பெட்டியை நிறுத்திப் போட்டேன். எல்லாமாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை மச்சான். அரை மணி நேரம்.

அதற்குப் பிறகு லைன் ஒரு தடவைகூட அறவில்லை. மழைக்கும் அறவில்லை, காற்றுக்கும் அறவில்லை. மேடம் பாராட்டினார். கொழும்புக்குப் போகவேண்டாம். நீ ஆசைப்பட்டதுபோல் பொண்டாட்டி புள்ளையோடு இங்கேயே இருக்கிறேன். சாயங்காலம் ஃபோனைக் கழற்றும்போது இன்றைக்கும் லைன் போகவில்லையே என்று நினைக்கிறேன். ஒரு தடவையாவது அறுந்து தொலைய வேண்டும் என்றுகூட வேண்டிக்கொள்கிறேன். அறுந்தால், ஆண்டெனாவிலும் ஏதோ கோளாறு இருந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாம். அறுகிற வழியாக இல்லை.

நேற்று பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த உன் அம்மாவைப் பார்த்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "லைனு இப்ப நல்லா இருக்காப்பா?" என்று கேட்டார். நல்லா இருக்கும்மா என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை.

"எம்புள்ள ஏறிப் போயி திருப்பி வச்சது. அப்புடியே நிக்கிது பாத்தியா" என்றார்.

ஆமாம்மா என்றேன். குடத்தைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்துவிட்டேன். அந்தப் பொடியை மடித்த தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவரிடம் ஒருநாளும் என்னால் சொல்ல முடியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்: ஆண்டெனாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை மச்சான். நீ சொன்னதுதான் சரி.