ஓர்வில் அண்ணனின் கைத்துப்பாக்கி

ஜூலை 3, 2019, புதன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? என்னிடம்தான். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிப்போகிறது. இருந்தாலும், நானே எழுதியது!

கென்டக்கியில் இனி துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டாமாம். வானொலியில் சொன்னார்கள்.

சுரங்கத்தில் செத்த என் அண்ணன் ஓர்வில் எனக்கு விட்டுப்போனது ஒரு கைத்துப்பாக்கி மட்டும்தான். 96இல் சீட்டுச் சட்டம் வந்தபோது என் மனைவியின் தம்பி எல்பர்ட் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, "சீட்டு இல்லாம வீட்ல வச்சிருந்தாலே ஜெயில் மச்சான்" என்றான். சீட்டுக்கு எழுத்துத் தேர்வு உண்டு. நான் எங்கே எழுதுவது? அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இனி திருப்பி வாங்கலாம்.

ஜூலை 7, ஞாயிறு

எல்பர்ட் வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல் ஓர்வில் அண்ணனின் துப்பாக்கி அவன் இடுப்பில். திருப்பிக் கேட்டேன்.

"அந்தச் சட்டம் புதுத் துப்பாக்கிக்குத்தான் மச்சான். பழசுக்கு இன்னும் சீட்டு வேணும். நீ பீன்ஸைச் சாப்பிடு."

சாப்பிட்டேன்.

ஜூலை 10, புதன்

நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் நோரீன் டீச்சரிடம் விசாரித்தேன். பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் எளிதாகப் போட்டிருந்த ஒரு தாளைத் தந்து, "நீங்களே வாசிங்க, வெர்ஜில்" என்றார். விரல் வைத்து வாசித்தேன்.

சீட்டு கேட்டதெல்லாம் மறைத்து எடுத்துப்போகத்தான். வீட்டில் வைத்திருக்க எப்போதுமே வேண்டியதில்லை. வெளியே தெரிய இடுப்பில் மாட்டினால், அதற்கும் வேண்டியதில்லை.

மூன்று முறை வாசித்தேன். தப்பா வாசிக்கிறேனோன்னுதான். இல்ல.

இருபத்து மூணு வருஷம்! அவன் இடுப்புல அதைப் பாத்துக்கிட்டே ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகத்தியிருக்கேன். என் அண்ணனோடதுடா அது.

ஜூலை 11

அந்தத் தாளை இன்றும் இரண்டு முறை வாசித்தேன்.

ஜூலை 13, சனி

எல்பர்ட் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் நின்று அந்தத் தாளைச் சத்தமாக வாசித்தேன், திக்கித் திக்கி.

"பாருடா, ஒண்ணாங் கிளாஸ் புள்ள!" என்று சிரித்தான்.

நான் நிறுத்தவில்லை. கடைசி வரிக்கு முன்னாலேயே அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு அது புடிச்சிருந்துச்சு மச்சான். கேட்டா குடுத்திருப்பியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

கழற்றிக் கொடுத்தான். சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நடந்து வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை.

அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். மனைவி இறந்த பிறகு எல்பர்ட் வாசித்துச் சொல்ல, நான் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட தாள்கள். மொத்தம் பதினொன்று. முதல் தாள் என் மலைச்சரிவு நிலத்தைப் பற்றியது. "வேலி போடத்தான் மச்சான்" என்று அன்று சொன்னான்.

இன்று ஆறு வரி வாசித்தேன். வேலி என்ற சொல் இன்னும் வரவில்லை. எல்பர்ட் என்ற பெயர் இரண்டு முறை வந்துவிட்டது.

மெதுவாகத்தான் போகும். மீதி வரிகளில் என்ன இருக்கிறது என்று அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.