துணைக்கு வந்தேன்

விவேக் நகர், பெங்களூர்
12.10.1999

அன்பு மகள் பியாட்ரிஸுக்கு அம்மா எழுதுவது. குழந்தை இயேசுவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் சுகமாக இருந்தால் நீ ஒரு பக்கத்துக்கு மேல் எழுத மாட்டாய், இந்தத் தடவை நாலு பக்கம், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சிகாகோவில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, உன் ஆஸ்பத்திரி நர்ஸ் டோரத்தி அம்மா கொடுத்த கோட்டைப் போடுகிறாயா, இல்லை உன் நிறத்துக்கு அந்தக் கலர் எடுக்காது என்று மாட்டி வைத்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்தில் கறுப்பி என்று கூப்பிட்டார்கள் என்று பவுடரை அப்பிக்கொண்டு, சாமியார் நெற்றியில் சாம்பல் பூசுகிற சாம்பல் புதனை வருஷம் பூராவும் கொண்டாடினவள்தானே நீ.

போன கடிதத்தில் அங்கே உள்ள கறுப்பின நர்சுகளைப் பற்றி எழுதியிருந்தாயே, புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் வேலை கற்றுக்கொடுப்பதும், கற்றுக்கொண்டவர்கள் மேலே போய் உட்கார இவர்கள் அதே வார்டிலேயே நிற்பதும், அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து டோரத்தி வீட்டில் கூடிச் சாப்பிடுவதும், ஒருத்தியை மேலதிகாரி கூப்பிட்டால் இன்னொருத்தி கூடப் போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்காருவதும். அதை எங்கள் கார்மென்ட்ஸில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன், திட்டுவதானால் திட்டிக்கொள். லட்சுமம்மா ராகிக் களியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். முனிராஜுக்கு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், இன்று அவன் சூப்பர்வைசர், அவள் இன்னும் காலர்தான் தைக்கிறாள். எங்களையும் ஒவ்வொருத்தியாகத்தானே உள்ளே கூப்பிட்டு, நானாகவே வேலையை விடுகிறேன் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இனிமேல் "ஒப்பரே ஹோகபாரது" என்று லட்சுமம்மா சட்டம் போட்டுவிட்டாள், யாரும் தனியாகப் போகக்கூடாதாம். யாரோடு யார் போவது என்று மட்டும் எங்கள் மூளைக்கு எட்டவில்லை. மறுநாள் முனிராஜ் என்னைக் கூப்பிட்டான், நான் எழுந்தேன், லட்சுமம்மா எழுந்தாள், அப்புறம் லைனே எழுந்துவிட்டது, மெஷின் சத்தம் அடங்கி அத்தனை பேரும் அவன் ரூம் வாசலில். பாவம், அவன் பெண்டாட்டிக்கு நிறைமாசம், வியாழக்கிழமை நம் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லத்தான் கூப்பிட்டானாம், அதை அத்தனை பேர் முன்னாலும் சொல்லவேண்டியதாகிவிட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை.

போன வாரம் லட்சுமம்மாவை நிஜமாகவே கூப்பிட்டார்கள், பேப்பரும் பேனாவும் தயாராக இருந்தது. நான் கூடப் போனேன். நீ யார் என்று உள்ளே இருந்த ஆபீஸர் கேட்டார், துணைக்கு வந்தேன் என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று லட்சுமம்மா சொன்னாள், அவர் பேப்பரை மேஜைக்குள் போட்டுவிட்டார். அவள் இன்னும் என் பக்கத்து மெஷினில்தான் இருக்கிறாள், நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது.

இப்போது உன் நாலு பக்கத்துக்கு வருகிறேன். தனக்கு வரவேண்டிய பதவி தன்னிடம் வேலை கற்றவளுக்குப் போனதென்று டோரத்தி புகார் கொடுத்திருக்கிறாள், இந்த மாசக் கடைசியில் விசாரணை, கூட வந்து உட்காரும்படி உன்னைக் கேட்டிருக்கிறாள். உன் ரூமில் இருக்கும் ரூபினியோ அவர்களோடு சேராதே, உன் பெயரும் கெடும் என்கிறாள், நீ என்னைக் கேட்கிறாய். அடி மகாராணி, கோட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கும் அவர்கள் வேண்டும், ஒரு நாற்காலியில் உட்காருவதற்கு மட்டும் யோசனையா? எனக்கும் பயம்தான், உன் வேலை போனால் என்ன செய்வோம் என்று பூசை முழுக்க அதே நினைப்பு, சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்றே தெரியாது. ஆனாலும் ஈஸ்டர் சமயத்தில் மருந்துச் சீட்டில் ஏதோ தப்பு என்று மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டபோது உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் யார்? நீதானே அழுதுகொண்டே எழுதினாய். அன்றைக்கு நான் அங்கே இல்லையே என்று தவித்தேன், அவள் இருந்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குழந்தை இயேசு உன்னையும் அந்தப் பெண்களையும் கைவிடாமல் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா பிரிஜெட்

பின்குறிப்பு: டோரத்தி அம்மாவுக்குத் துணையாக யார் போகிறார்கள் என்று லட்சுமம்மா தினமும் கேட்கிறாள். என் மகள் போகிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.